கோவை வானொலியும் ஒரு கேசட்டும்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)

எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இன்றைக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து "இவன் எங்கே தப்புப் பண்ணப் போறானோ" என்று பார்த்துக்கொண்டிருக்கிற பேராசிரியப் பெருமக்களே, என்னோடு படித்த நண்பர்களே, எதிர்காலத்தைக் கையில் வைத்திருக்கிற மாணவச் செல்வங்களே!

நான் 1978 முதல் 1981 வரை இந்தக் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். "ஏதாவது பேசுங்க, ஆனா அறிவுரை மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். அதனால் எனக்கு அறிவுரை சொன்ன ஒரு நிலையத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். திருச்சி ரோட்டில், ராமநாதபுரத்தில் இருக்கிற நம் கோவை வானொலி நிலையம்தான் அது. பின்வரிசையில் இருக்கிற மாணவர்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். உரை முடிவதற்குள் உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கப் போகிறேன், அப்போது பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். தமிழ்நாட்டில் வானொலியைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல, ஆர்வம் மிக்க சிலர். 1924-ல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் என்பவரின் முயற்சியில் ஒரு ரேடியோ கிளப் உருவாயிற்று. காசு இல்லாமல் 1927-ல் நின்றுபோனது. அந்தக் கருவியை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-ல் ஒலிபரப்பை மீண்டும் தொடங்கியது. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-ல் திருச்சி நிலையமும் வந்தன. நம் ஊர்ப் பக்கமும் ரேடியோ ஆசை அப்போதே பிடித்திருந்தது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று நம் ஜி.டி.நாயுடு 1941-லேயே சொன்னவர். ஆனால் கொங்கு நாட்டுக்கென்று ஒரு நிலையம் வர 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வருஷத்தை யோசித்துப் பாருங்கள். நாடு முழுக்க உணவுப் பஞ்சம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் கோதுமை வந்துகொண்டிருந்தது. புதுரக விதை, உரம், பூச்சிமருந்து என்று அரசாங்கம் விவசாயியிடம் சொல்ல வேண்டிய சேதி நிறைய இருந்தது. எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் வானொலியில் 'பண்ணை இல்ல ஒலிபரப்பு' என்று தனிப் பிரிவுகள் வந்தன. தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல் பரவியதில் ரேடியோவுக்குப் பெரிய பங்கு. எந்த அளவுக்கென்றால், விவசாயிகள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்! கோவை நிலையம் பிறந்ததும் அதே காலத்தில்தான். கூப்பிடு தூரத்தில் வேளாண்மைக் கல்லூரி. 1971-ல் அது பல்கலைக்கழகம் ஆயிற்று. பருத்தி, கரும்பு ஆராய்ச்சி நிலையங்களும் பக்கத்திலேயே இருந்தன. கேள்வி கேட்க விவசாயி, பதில் சொல்ல விஞ்ஞானி, நடுவில் ஒரு மைக்.

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. நான் சிறு பையனாக இருந்தபோது ஊருக்கு ஒரே ரேடியோ, பஞ்சாயத்து ரேடியோ. பெட்டியைப் பூட்டி வைத்திருப்பார்கள், புனல் ஸ்பீக்கர் மட்டும் வேப்பமரத்தில் தொங்கும். சாயங்காலம் காட்டிலிருந்து வந்தவர்கள் சாவடித் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். சந்தை நிலவரம் சொல்லும்போது மட்டும் குழந்தை அழுதால்கூட அதட்டல் விழும். பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு மர்ஃபி ரேடியோ வந்தது. அப்போதெல்லாம் ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டி அதற்கான புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். இன்றைய மாணவர்கள் இதை நம்பமாட்டீர்கள். 1980-களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது.

இயற்பியல் படித்தவன் மேடைக்கு வந்துவிட்டு இரண்டு வரி பாடம் நடத்தாவிட்டால் முன்வரிசை மன்னிக்காது. கோவை வானொலியின் மத்திய அலை 999 கிலோஹெர்ட்ஸ். அந்த அலை ஒவ்வொன்றும் 300 மீட்டர் நீளம். இவ்வளவு நீள அலை பகலில் தரையை ஒட்டியே தவழ்ந்து போகும். அதனால்தான் கோவையில் பேசியது காங்கேயம், தாராபுரம் தாண்டியும் கேட்டது. பொழுது இறங்கினால் கதை வேறு. மேலே வானத்தில், பகலில் அலையை உறிஞ்சிக்கொண்டிருந்த மின்னணு அடுக்கு கலைந்துபோகும். அலைகள் இன்னும் மேலே போய், மோதித் திரும்பி வரும். தூரத்து ஊர்கள் எல்லாம் வீட்டுக்குள் வரும். நமக்கு இலங்கை வானொலி. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் என்று குரலுக்காகவே ரசிகர்களைச் சேர்த்தவர்கள். சினிமாப் பாட்டு வேண்டுமானால் இலங்கை, விஷயம் வேண்டுமானால் கோவை என்று எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை. காலையில் 7.15-க்கு டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமியின் குரல் வந்தால், ஆத்தா சோற்றுப்போசியை எடுத்து வைப்பார், நான் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டும். வீட்டில் கடிகாரம் இருந்தது. ஆனால் அதை நம்பியவர் யாரும் இல்லை.

இனி, எனக்குக் கிடைத்த அறிவுரைக்கு வருகிறேன்.

இரண்டாமாண்டு படிக்கும்போது வானொலியில் இளைஞர்களுக்கான 'இளைய பாரதம்' நிகழ்ச்சியில் பேச ஒரு வாய்ப்பு வந்தது. கிராமத்து மாணவனின் விடுதி வாழ்க்கை என்று தலைப்பு. ஒரு வாரம் கண்விழித்து எழுதினேன். கம்பனும் வந்தான், பாரதியும் வந்தான், எதுகையும் மோனையும் கைகோத்து வந்தன. விடுதி மட்டும்தான் வரவில்லை. நிலையத்துக்குப் போய் நீட்டினேன். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பொறுமையாகப் படித்தார்.

"தம்பி, இதை யாருக்குப் பேசறீங்க?"

"எல்லா நேயர்களுக்கும் சார்."

"எல்லாருக்கும்னா யாருக்கும் இல்லேன்னு அர்த்தம். கேக்கறது எப்பவும் ஒருத்தர்தான். ரேடியோவுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற ஒரே ஒருத்தர். உங்க வீட்டுல யாரு கேப்பாங்க?"

"அய்யன் கேப்பாருங்க."

"அப்ப அவருக்குச் சொல்லுங்க. மெஸ்ஸுல சோறு எப்படின்னு அவருக்குத் தெரியணுமில்ல?"

மறுபடி எழுதினேன். ஒலிப்பதிவு அறைக்குள் போனால் துளைத்துளையாகச் சுவர், உடம்பை நடுக்கும் குளிர், சிவப்பு விளக்கு. அய்யனை நினைத்துக்கொண்டு பேசினேன். பிற்பாடு ஆசிரியர் வேலை பார்த்த 34 வருஷமும் வகுப்புக்குள் நுழையும்போது அந்தக் கேள்விதான் என் காதில் கேட்டது: யாருக்குப் பேசறீங்க? கடைசி பெஞ்சில் ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், வகுப்பு முழுக்கப் புரிந்துவிடும். இந்தக் கல்லூரியில் நான் கற்றவை நிறைய. ஆனால் கற்பிக்கக் கற்றது ராமநாதபுரத்தில்தான். முன்வரிசை கோபித்துக்கொள்ளக் கூடாது!

என் அய்யன் வானொலியில் பேசிய கதையையும் சொல்லியாக வேண்டும். நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே அதைத்தான்.

1982-83-ல் கடும் வறட்சி. எங்கள் பக்கம் கிணறெல்லாம் காய்ந்துவிட்டது. எங்களுக்குக் கொறங்காடு உண்டு. கோவையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொறங்காடு தெரியாமல் இருக்கலாம். காங்கேயம் மாடு மேய்வதற்கென்றே விடப்பட்ட மானாவாரிக் காடு அது. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். புல் மாட்டுக்கு, வெள்வேலங்காய் ஆட்டுக்கு. வேலிக்குத் தனியாகச் செலவில்லை. கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் அதுவே வேர்விட்டுத் தழைத்துவிடும். பம்புசெட்டும் இல்லை, உரமும் இல்லை. பாட்டன் முப்பாட்டன் காலத்துப் பண்ணையம்.

அந்த வறட்சியிலும் எங்கள் கொறங்காட்டில் கொஞ்சம் புல் நின்றது. பக்கத்துக் காடுகள் மொட்டையாகிவிட்டன. பண்ணை இல்ல ஒலிபரப்பில் தீவனத் தட்டுப்பாடு பற்றி ஒரு நிபுணர் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த அய்யன், "எளுதுடா ஒரு கடுதாசி" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நிபுணர் சொன்னது சரிதான், ஆனால் கொறங்காட்டை விட்டுவிட்டாரே என்பதுதான் சாரம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. "நீங்களே வந்து பேசுங்கள்!"

அய்யன் அதிகம் படித்தவர் இல்லை. எழுதி வைத்துப் படிக்கிற பேச்சு அவருக்கு வராது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நானும் கூட, பஸ் பிடித்துக் கோவை. அறைக்குள் போனதும் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். "இதென்னடா செவுத்துல இத்தனை ஓட்டை? எலி கடிச்சதா?" என்றார் என் காதில். மைக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த நிகழ்ச்சி அலுவலர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, ரேடியோங்கறதை மறந்துருங்க. உங்க கட்டுத்தரைக்கு ஒறம்பரை ஒருத்தர் வந்திருக்கார், மாடு வளக்கறது எப்படின்னு கேக்கறார். நான்தான் அந்த ஒறம்பரை. சொல்லுங்க."

அவ்வளவுதான். அய்யன் பத்து நிமிஷம் பேசினார். எங்கள் ஊர்த் திண்ணையில் எப்படிப் பேசுவாரோ அதே பேச்சு, அதே 'ஏனுங்க', அதே 'அக்கட்டால இக்கட்டால'. ஒரு சொல்லைக்கூட யாரும் திருத்தவில்லை. சென்னைத் தமிழும் மேடைத் தமிழும்தான் ரேடியோவுக்குத் தகுதி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, எங்கள் வீட்டுப் பேச்சு மத்திய அலையில் ஏறிப் போனது பெரிய ஆச்சரியம். ஒலிபரப்பான அன்றைக்கு ஊரே எங்கள் ஆசாரத்தில் கூடியிருந்தது. அடுத்த கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் முன்பின் தெரியாதவர்கள் வந்து, "ரேடியோவுல பேசுனது நீங்கதானுங்களா?" என்று அய்யன் கையைப் பிடித்தார்கள்.

மஸ்கட்டில் இருந்த என் மச்சான் கொண்டுவந்து கொடுத்த டூ-இன்-ஒன் அப்போது எங்கள் வீட்டில் இருந்தது. அய்யன் பேச்சு ஒலிபரப்பானபோது அதை ஒரு கேசட்டில் பதிவு செய்தேன். மேலே பெயர் எழுதி ஒட்டவில்லை. நம் வீட்டுக் கேசட்டுதானே, நமக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

1986-ல் நண்பன் ஒருவனின் கல்யாணத்துக்கு வேன் பேசிப் புறப்பட்டோம். வேனில் போட 'மௌன ராகம்' பாட்டு வேண்டும் என்றார்கள். அவசரத்தில் கைக்குக் கிடைத்த கேசட்டை எடுத்துப் பதிவு செய்தேன். இரண்டு பாட்டு ஏறியிருக்கும், கரண்ட் போய்விட்டது. சரி, இது போதும் என்று எடுத்துக்கொண்டு ஓடினேன்.

1991-ல் அய்யன் தவறிவிட்டார். காரியம் முடிந்து உறவெல்லாம் உட்கார்ந்திருந்தபோது என் அத்தை கேட்டார்: "ஏஞ்சாமி, அண்ணன் ரேடியோவுல பேசுனத புடிச்சு வெச்சிருந்தியல்ல, அதக் கொஞ்சம் போடு." வீடு முழுக்கத் தேடிக் கேசட்டைக் கண்டுபிடித்துப் போட்டேன். சினிமாப் பாட்டு வந்தது.

துக்க வீட்டில் சினிமாப் பாட்டு. நிறுத்தக்கூடக் கை வரவில்லை. இரண்டாவது பாட்டு பாதியில் அறுந்தது, 'கர்ர்' என்று ஒரு சத்தம், பிறகு அய்யன். ஒரு நிமிஷம்கூட முழுசாக இல்லை. "...வேலி போச்சுன்னா காடு போச்சுங்க. மாடு வளக்கறது பெரிசில்லீங்க, மாட்டுக்கு முன்னால புல்ல வளக்கோணும், புல்லுக்கு முன்னால வேலிய வளக்கோணும். அவ்வளவுதானுங்க. போதுங்களா?" அந்த 'போதுங்களா'வோடு முடிந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் மின்சாரம் போகாமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை.

மின்வாரியத்துக்கு மனமார நன்றி சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அழிந்துபோன அந்த ஒன்பது நிமிஷத்தில் என்ன இருந்தது? இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேளாண்மை படிக்கிற ஒரு மாணவி கொறங்காட்டைப் பற்றி ஆராய்ச்சிக்காக எங்கள் ஊருக்கு வந்தார். "உங்க அப்பா வானொலியில பேசினாராமே, காய்ந்துபோன கொறங்காட்டை மறுபடி எப்படிக் கொண்டுவரணும்னு சொன்னாராமே" என்று கேட்டார். ஊரில் ஒரு பெரியவருக்கு அது நினைவிருந்திருக்கிறது. ஆனால் என்ன சொன்னார் என்பது அவருக்கும் மறந்துவிட்டது. எனக்கு அரைகுறை. எந்த மழைக்குப் பிறகு விதை எறிய வேண்டும், எத்தனை நாள் மாட்டை உள்ளே விடக் கூடாது, எந்தப் புல் வந்தால் காடு தேறிவிட்டது என்று அர்த்தம் எல்லாம் வரிசையாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒலிப்பதிவு ஆகிறதே என்ற தைரியத்தில் மனசில் வாங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு நிமிஷத்தைப் போட்டுக் காட்டினேன். குறித்துக்கொண்டு, "மீதி?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

நண்பர்களே, ஒலிபரப்பின் இயல்பே அதுதான். பேசினவுடன் காற்றோடு போய்விடும். நாடா விலை அதிகமாக இருந்த காலத்தில், ஒரு நிகழ்ச்சியின் மேல் இன்னொன்றைப் பதிவு செய்வது உலகம் முழுக்க வழக்கம். பி.பி.சி.யே தன்னுடைய 1960-களின் நிகழ்ச்சிகள் பலவற்றை அப்படி அழித்துவிட்டுப் பிறகு வருந்தியது. நேயர்கள் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த ஒலிநாடாக்கள்தான் பின்னால் சிலவற்றுக்குக் கைகொடுத்தன. ஆகாசவாணியின் ஆவணக் காப்பகம் பெரிய சங்கீத வித்வான்களின் கச்சேரிகளைப் பாதுகாத்துக் குறுந்தகடாகவும் வெளியிட்டது, பாராட்ட வேண்டிய பணி. ஆனால் பருத்தி வெடித்ததைப் பற்றிப் பேசிய அவினாசிக்காரரையும், தறி ஓட்டிக்கொண்டே நாடகம் எழுதிய சென்னிமலைக்காரரையும், ஒப்பாரி பாடிய கிழவியையும் எந்த நிறுவனமும் காலமெல்லாம் வைத்திருக்க முடியாது. அவர்களை வைத்திருக்க வேண்டியது வீட்டுக்காரர்கள், அதாவது நாம்.

காலம் மாறிவிட்டது. 1980-களின் பிற்பகுதியில் ஊருக்கு ஊர் டி.வி. வந்தது. 1997-ல் வானொலி பிரசார் பாரதியின் கீழ் போயிற்று. 2000-க்குப் பிறகு தனியார் பண்பலைகள் வந்து நாள் முழுக்கப் பாட்டும் சிரிப்புமாக ஒலித்தன. மத்திய அலை ஒலிபரப்பிகள் நாட்டில் பல இடங்களில் நிறுத்தப்பட்டுவிட்டன. 2023-ல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரை விட்டு 'ஆகாசவாணி' என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெயர் எதுவானால் என்ன, எங்கள் வாயில் அது கோவை வானொலிதான். இப்போது செல்பேசிச் செயலியில் எந்த ஊர் நிலையத்தையும் கேட்கலாம், இரைச்சலே இல்லை. கல்லூரிகளே வானொலி நடத்தலாம் என்று ஆகிவிட்டது. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகம் வழிகாட்டியது, நம் கோவையில் பி.எஸ்.ஜி. போன்ற நிறுவனங்களும் சமுதாய வானொலி தொடங்கின. பேசுவதற்கு வசதி குறையவே இல்லை. யாருக்குப் பேசறோம் என்ற கேள்விதான் குறைந்துவிட்டது என்று எனக்குப் படுகிறது.

இனி, நான் ஆரம்பத்தில் சொன்ன வேலை.

பழைய மாணவர்களுக்கு: வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறுங்கள். 'பாட்டு' என்று எழுதிய கேசட்டில் யார் குரல் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? கிடைத்தவுடன் பழைய டேப்பில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். பூஞ்சை பிடித்த நாடா அறுந்துவிடும், உள்ளே இருக்கிற பஞ்சு அட்டை உதிர்ந்திருந்தால் சத்தமே வராது. முதலில் கேசட்டின் பின்பக்கம் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அதன் மேல் யாரும் எதையும் பதிவு செய்ய முடியாது. இந்த ஒரு காரியத்தை 1983-ல் நான் செய்திருந்தால் இன்றைக்கு வேறு தலைப்பில் பேசியிருப்பேன். பிறகு விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றுங்கள். பேசியவர் பெயர், ஊர், வருஷம், எதைப் பற்றிப் பேசினார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெயரில்லாத குரலைப் பேரன் காலத்தில் யாரும் தேட மாட்டார்கள்.

மாணவர்களுக்கு: உங்கள் சட்டைப்பையில் இருப்பது ஒரு ஒலிப்பதிவுக்கூடம். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அப்பாரு, அமுச்சி யாராவது இருந்தால் முன்னால் உட்காருங்கள். பேட்டி எடுக்கிறேன் என்று சொல்லாதீர்கள், மிரண்டுவிடுவார்கள். ஒறம்பரை மாதிரி கேளுங்கள். பத்தே பத்து நிமிஷம். அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள்.

சங்கத்துக்கு: நம் கல்லூரி நூலகத்தில் இதற்கு ஒரு அலமாரி ஒதுக்க வேண்டும் என்று தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பொருளாக என்னுடையதைக் கொடுக்கிறேன். இதோ, இந்தக் கேசட்டு. இரண்டு சினிமாப் பாட்டும், ஒரு நிமிஷம் அய்யனும். இப்போது மேலே பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அய்யன் கேட்ட மாதிரியே நானும் கேட்டு முடித்துக்கொள்கிறேன். போதுங்களா?